தீவுக்குப் பூப்போட்டுப் பார்த்த நாள்

காலை 5.40. ஆட்டையாம்பட்டியில் ராசிபுரம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், இந்த வண்டி வெண்ணந்தூர் வழியாகத்தானே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். பின்சீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொண்டேன். போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை ஏன் இந்த ஆள் ஊரெல்லாம் கேட்கிறான் என்பதுபோல் அவர் பார்த்தார். என் சுபாவம் அது. காய்ச்சல் மாத்திரையை வாங்கினாலும் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவேன். யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் பயணமே அதைப் பற்றியதுதான்.

டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். போகிற இடம் காவிரிக்குள் இருக்கும் ஒரு தீவு. கரையில் உள்ளவர்கள் அதைத் திட்டு என்பார்கள். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர், தூரம், கட்டணம் எல்லாம் சரியாக எழுதுகிறவன் இதை மட்டும் மறைக்கிறானே என்று நீங்கள் சந்தேகப்பட்டால் தப்பில்லை, நானாக இருந்தாலும் பட்டிருப்பேன். காரணம் கடைசியில் வரும். என்னைக் கூட்டிப் போனவரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சென்னியப்பன் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னியப்பன் முன்பு ரிக் வண்டி ஓட்டியவர். எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட வந்தபோது பழக்கம். அறுநூறு அடி போயும் புழுதிதான் வந்தது. அடிக்கு இவ்வளவு என்று கூலி, இன்னும் முந்நூறு அடி போகலாம் என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, "இதுக்கு மேல தண்ணி கெடையாதுங்க, காசு தெண்டம், நிறுத்திக்கலாமுங்க" என்றார். அன்றிலிருந்து நான் சந்தேகப்படாத ஆள் ஒருவர் உண்டு என்றால் அவர்தான். இப்போது மரவள்ளி போட்டுக்கொண்டு விவசாயத்தோடு இருக்கிறார்.

போன வாரம் அவரே போன் செய்தார். திட்டில் ஒரு கம்பெனி சுற்றுலா மையம் கட்டப் பார்க்கிறது, அவருடைய குலதெய்வக் கோயில் அங்கேதான் இருக்கிறது, பங்காளிகள் பாதிப் பேர் சரி என்கிறார்கள், நீங்கள் எழுதுகிறவர், ஒருநாள் வந்து கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார். சரி என்றேன்.

6.15. வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தம் பேருந்துக்குள் வரை கேட்டது. ராசிபுரத்தில் வண்டி மாறி, 7.20க்குப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். சென்னியப்பன் பழைய ஆம்னி வேனோடு காத்திருந்தார். ஒரு கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டி, ஒரு வேலியோரம் இறங்கி அரளிப்பூ பறித்தார். வெள்ளை மூன்று, சிவப்பு மூன்று. நான் எண்ணினேன், எண்ணுவது என் வியாதி. ஆறையும் மஞ்சள் பையில் போட்டு என் காலடியில் வைத்தார்.

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் சாமியிடம் பூப்போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்பை ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்றுபோல மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பென்றால் வேண்டாம் என்று அர்த்தம். மீதிப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பிரித்தால் சாமியைச் சோதித்ததாக ஆகிவிடும். கல்யாணம், கிணறு, நிலம் விற்பது எல்லாம் இப்படித்தான். எங்கள் மேக்காட்டை, ஊருக்கு மேற்கே இருந்த நிலத்தை, விற்றபோதும் பூப்போட்டுப் பார்த்து வெள்ளை வந்த பிறகுதான் விற்றோம்.

திட்டுக்குப் போக ஆற்றங்கரையில் இருக்கும் ஒரே வழி பங்காளிகளின் பொது நிலம். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதில்தான் கம்பெனி பாலத்துக்கு அஸ்திவாரம் போட வேண்டும். பங்காளிகள் கையெழுத்துப் போட்டால் கம்பெனி உள்ளே வந்துவிடும், போடாவிட்டால் வெளியேதான் நிற்க வேண்டும். பேசிப் பேசித் தீராமல் பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அன்றைக்குத்தான் அது. இதைச் சென்னியப்பன் போனில் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீங்கள் வருவீர்களோ மாட்டீர்களோ என்று மழுப்பினார். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

8.05. நாமக்கல். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். முட்டை ஏற்றிய வண்டிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து காவிரிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். கடைசி நான்கு கிலோமீட்டர் எந்தத் திசை என்பதை விட்டுவிடுகிறேன்.

9.10. கரையில் கம்பெனி மேனேஜர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கோயமுத்தூர்க்காரர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, எல்லோருக்கும் கும்பிடு. இவ்வளவு பணிவு எனக்கு ஆகாது. கையில் சுருட்டிய வரைபடத்தை விரித்துக் காட்டினார். அறுபது குடில்கள், படகுத்துறை, நடைபாலம், நடுவில் ஒரு நீச்சல் குளம். நாலாபுறமும் காவிரி ஓடுகிற இடத்தில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்டேன். விருந்தினர்கள் ஆற்றுத் தண்ணீரில் இறங்கத் தயங்குவார்கள் சார் என்றார். படத்தில் கோயிலைத் தேடினேன், ஒரு மூலையில் பச்சைப் புள்ளியாக இருந்தது. சென்னியப்பன் வழியில் சொல்லியிருந்த பதினாறு தூண் மண்டபம் இருக்க வேண்டிய இடத்தில், சாப்பாட்டுக்கூடம் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியும் முள்கரண்டியும் வரைந்திருந்தார்கள்.

பரிசலுக்குத் தலைக்கு முப்பது ரூபாய். பத்து நிமிடம். திட்டில் செருப்போடு யாரும் நடப்பதில்லை, மேனேஜரும் பளபளக்கும் ஷூவைப் பரிசலிலேயே கழற்றி வைத்தார். முந்நூறு தப்படி நீளம் இருக்கும். நாணல், பனை, நடுவில் கல்மண்டபம், அதையொட்டி வரிசையாக ஏழு நடுகற்கள், வில்லோடும் வாளோடும் ஆட்கள். ஒரு கல்லில் குதிரை. மூக்கெல்லாம் தேய்ந்துபோய், கழுத்தில் போன ஆடியின் மஞ்சள் கயிறு. பக்கத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை: இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இங்கே எதையும் தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, மீறினால் தண்டனை.

அந்தப் பலகையின் முன் மேனேஜரை நிறுத்தி, இதற்கு என்ன பதில் என்றேன். எல்லாம் தற்காலிகக் கட்டுமானம்தான் சார், இரும்பும் மரமும், நாளைக்கே கழற்றிவிடலாம் என்றார். அறுபது குடிலுக்கும் கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்றேன். அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றார். என்ன ஏற்பாடு என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் சிரித்தார். கோயிலுக்கு வருகிற பங்காளிகள் டிக்கெட் வாங்க வேண்டுமா என்று முன்பே வந்திருந்த ஒரு பங்காளி கேட்டதற்கு, உங்களுக்குத் தனி அட்டை கொடுத்துவிடுவோம் என்றார். தன் சாமியைப் பார்க்கத் தனக்கே அட்டை.

10.30. பங்காளிகள் முப்பது பேருக்கு மேல் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். பொட்டலம் கட்டுவது முறைக்காரர் வேலை. வருடத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை மாறிவரும். இந்த வருடம் சென்னியப்பன் முறை. மஞ்சள் பையோடு தூணுக்குப் பின்னால் போய் வாழையிலையைக் கிழித்து, பூ வைத்து, நார் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி சூடம் காட்டினார். யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது சென்னியப்பன் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்களே எடுத்துருங்க. நாங்க எடுத்தா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உங்க கையாலயே வரட்டுமுங்க."

மேனேஜர் ஒரு கணம் திகைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். எனக்குச் சென்னியப்பன்மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. எதிராளியின் கையிலேயே முடிவைக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? மேனேஜர் கண்ணை மூடி இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

யாரும் கத்தவில்லை. கம்பெனிக்குச் சாதகமாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி சொல்லிருச்சு, இனி ஒரு பேச்சில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. மேனேஜர் எல்லோருக்கும் மறுபடி ஒரு கும்பிடு போட்டார். முகத்தில் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தோற்றவன் ஏன் சிரிக்கிறான்? பூசாரியை வளைத்திருப்பானோ, நாளைக்கு மீதிப் பொட்டலத்தைக் காட்டி ஏதாவது வில்லங்கம் பண்ணுவானோ? சென்னியப்பன் மீதிப் பொட்டலத்தை ஆற்றில் விட்டுவிட்டுக் கும்பிட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். எல்லோரும் பொங்கல் வாங்கப் போனபோது நான் மட்டும் கரையோரமாக நடந்தேன். பொட்டலம் இருபதடி தள்ளி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆடியது. சுற்றிலும் பார்த்தேன், ஆளில்லை. எடுத்து நாரை அவிழ்த்தேன்.

உள்ளே சிவப்பு அரளி.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. வெள்ளை இருக்க வேண்டிய இடம் அது. அப்புறம் புரிந்தது. எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான். மேனேஜர் கையால் எடுக்க வைத்ததும் பெருந்தன்மை இல்லை. காலையிலிருந்து உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், அந்த ஒரு ஆளைத் தவிர. பூவை மறுபடி மடித்துத் தண்ணீரில் விட்டேன்.

12.45. வேனில் ஏறியதும், அவர் திரும்பக் கொண்டுவந்து காலடியில் போட்டிருந்த மஞ்சள் பையைத் திறந்தேன். வெள்ளை மூன்று அப்படியே இருந்தது. சிவப்பு ஒன்று. பையைச் சென்னியப்பன் மடியில் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிரிச்சுப் பாத்துட்டீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நீங்க பாப்பீங்கன்னு ஒரு நெனப்பு இருந்துச்சுங்க. இருந்தும் கூப்பிட்டேன். எங்க பங்காளிக எவனுக்கும் அந்தத் தைரியம் வராது."

என்னைச் சாட்சிக்குத்தானே கூட்டிவந்தீர்கள், நேர்மையாக நடந்தது என்று எழுதத்தானே என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மரவள்ளிக் காட்டில் நிற்கும்போதெல்லாம் வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்றே ஒரு மாதமாக யோசித்ததாகச் சொன்னார். வெள்ளை வந்துவிட்டால் சாமியே சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு வழக்குப் போட முடியாது, மனு கொடுக்க முடியாது, அவரே கூட எதிர்த்து வாய் திறக்க முடியாது. அதிகாரியைச் சமாளிக்கலாம், சாமியை எப்படிச் சமாளிப்பது என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் சாமியை ஏமாத்தலீங்க. சாமிகிட்டக் கேக்கவே இல்ல. கேக்கப் பயந்துட்டேன்."

எனக்குச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. ஆனால் அறுநூறு அடியில் இன்ஜினை நிறுத்தியவரும் இவர்தானே. எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், திட்டுப் பேரும் என் பேரும் மட்டும் வேண்டாம், அடுத்த தடவை எவனாவது மீதிப் பொட்டலத்தைக் கேட்பான் என்றார். வண்டியைக் கிளப்பிய பிறகு, பரமத்தி ரோட்டில் ஏறும்போது, தானாகவே இன்னொன்றும் சொன்னார்.

"இனிமே நான் திட்டுக்குள்ள கால் வெக்கறதில்லீங்க. ஆடிக்கு எல்லாரும் பரிசல்ல போவாங்க. நான் இந்தக் கரையில நின்னு கும்புட்டுக்கறேன். பையனுக்குக் காரணம் என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

புதுச்சத்திரத்தில் வேனை நிறுத்தினார். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார், நானும் பிடித்தேன். கம்பெனி வேறு பெயரில் திரும்பி வரும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த மேனேஜரின் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்குத் திட்டில் நாணல் இருக்கிறது, ஏழு கல்லும் இருக்கின்றன, மண்டபத்தில் யாரும் கரண்டி வைக்கவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிற ஆளுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

மாலை 5.10. ஆட்டையாம்பட்டி. பேருந்து எங்கள் பழைய மேக்காட்டைத் தாண்டித்தான் நிற்கும். இப்போது அங்கே மனைகள், வரிசையாக வெள்ளையடித்த எல்லைக்கல். அதை விற்கக் கூடாது என்று நானும் அம்மாவும் எவ்வளவோ சண்டை போட்டோம். வெள்ளைப் பூ வந்ததும் வாயை மூடிக்கொண்டோம். பதினோரு வருடமாகச் சாமி சொன்னதாக நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். பேருந்து படியில் நின்றபோதுதான், அன்றைக்குப் பொட்டலம் கட்டியது யார் என்று யோசித்தேன். விற்கத் துடித்த என் அண்ணன்தான். மீதிப் பொட்டலத்தை அவரே எங்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டார்.

அண்ணன் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது வாசலில் நின்று, போன இடத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.