கம்ப்யூட்டர் சேரின் காலைச் செய்தி

முதலில் மூச்சுத்தான் வரும். இரைப்பு அடங்காத ஒரு மனிதனின் மூச்சு, அதன் பின்னால் காற்று, சில நாட்களில் மழை. பிறகுதான் குரல் வரும். "எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னிக்கு ஒலகத்துல என்ன களவு நடந்திருக்குன்னா..." என்று ஆரம்பிப்பார் கணினி ஆசிரியரான எங்கள் கம்ப்யூட்டர் சேர். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவதற்கு முன் பால் இல்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கும் சனங்களின் போன்களில் அந்த மூச்சு இரைக்கும். லயத்து வீட்டு வரிசையில் ஒரு காம்பராவில் கேட்கும். அடுத்த காம்பராவில் அதே மூச்சு கொஞ்சம் பிந்திக் கேட்கும். வானொலிச் செய்திக்குக் காட்டுகிற மரியாதையை அதற்கும் காட்டினார்கள். குழந்தை அழுதால், "சும்மா இரு, சேர் பேசுறாரு" என்று அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் தமிழ், அவர் கணினி. அவருடைய ஆய்வுகூடத்தில் துணி போர்த்திய பெட்டிகள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் உயிர் இல்லை. மற்றவை தங்களுக்குத் தோன்றும்போது விழித்துக்கொள்ளும். ஒரே ஆசிரியர் விடுதியில், ஒரே அடுப்பில், அவர் சமைக்க நான் குறை சொல்லக் காலம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமும் விடுதியும் ஒரு பள்ளத்தில் இருந்தன. எதிர்மலையின் லயங்களுக்கெல்லாம் போன் அலை வரும். எங்கள் பள்ளத்துக்குள் மட்டும் அது இறங்கியதே இல்லை. தேயிலை முடிந்து, மானாப்புல் முடிந்து, மேலே மொட்டையாக நிற்கும் பாறையில் ஏறினால்தான் சேருக்கு உலகம் கிடைக்கும்.

அந்தப் பாறைக்கு அவர் தினமும் விடியற்காலையில் ஓடினார். மாணவனாக இருந்த காலத்தில் மாகாண விளையாட்டுப் போட்டிவரை ஓடியவர்; கால் அதை மறக்கவில்லை. நடந்து போனால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். "நடந்து போனா பெரட்டுக்கு முந்திச் சொல்ல முடியாது சேர். வேலைக்குப் போன பொறகு சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார். பதுளை ஆஸ்பத்திரியில் எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று சொன்ன பிறகு என்னையும் விடவில்லை. அவர் முன்னால் ஓட, நான் பின்னால் உருண்டேன் என்பதுதான் உண்மை. ஈரத் தேயிலை இரண்டு பக்கமும் தொடையில் அறையும். அட்டை எப்போது ஏறியது என்று தெரியாது, இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் தெரியும். கடைசியில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டும். "மூனு புடிச்சிருக்கணும், ஒன்னத்தான் நகத்தணும். கையோ காலோ, ஒரு நேரத்துல ஒன்னுதான்" என்று மேலே இருந்து கத்துவார். அந்த விதியை மீற எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

மேலே போனதும் போன் உயிர் பெற்று நடுங்கும். அவர் குந்தியிருந்து ஆங்கிலத்தில் அன்றைய செய்திகளை வாசிப்பார். எந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பூட்டிவைத்துக்கொண்டு சாவிக்குப் பணம் கேட்கிறார்கள், எந்த வகைப் போனில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், யாருடைய கடவுச்சொற்கள் கொட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு லுணுகலைப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்ப்பேன். பிறகு அவ்வளவையும் தோட்டத்துப் பேச்சில் சொல்லிப் பதிவுசெய்து சனங்களின் போன் குழுவுக்கு அனுப்புவார். ஏறி வந்த வழியையும் விடமாட்டார். "பரிசு விழுந்திருக்குன்னு ஒரு செய்தி சுத்துது. தொட்டீங்கன்னா போன் அவன் கைக்குப் போயிரும். அப்புறம், கீழ் மலைப் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு, பாத்துப் போங்க. பாறைப் பக்கம் பன்னி நிக்குது." உலகத்துத் திருடனும் தோட்டத்துப் பன்றியும் அவருக்கு ஒரே செய்தியின் இரண்டு பகுதிகள்.

இதைச் சிரிப்பாக எழுதுகிறேன். சிரிப்பான காரியமில்லை அது. எங்கள் சனத்தின் போனுக்கு வருகிற முக்கியமான எழுத்து எதுவும் அவர்கள் வாசிக்கிற மொழியில் பெரும்பாலும் வருவதில்லை. வங்கிக்காரன் ஆங்கிலத்தில் எழுதுவான், அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் வரும், திருடன் மட்டும் சில நேரம் தமிழில் எழுதுகிறான். நல்லது எது, பொல்லாதது எது என்று எழுத்தைப் பார்த்து அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதனால்தான் சேர் ஒரு வழக்கத்தைப் பழக்கினார். "புரியாத எழுத்து எது வந்தாலும் தொடாதீங்க. அப்புடியே படம் புடிச்சு எனக்கு அனுப்புங்க. நான் பாத்துச் சொல்றேன்." சனங்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். போன் கம்பனியின் விளம்பரம்கூட அவருக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். நல்லதென்றால் "சரி", கெட்டதென்றால் "அழிங்க".

எல்லோரையும்விட அதிகமாக அனுப்பியவர் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அந்த வீட்டில் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஒப்பந்தம் முடியும் முன் வருவதென்றால் செலவை நீயே பார்த்துக்கொள் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அவள் மிச்சம் பிடித்துப் பிடித்து, கடைசியில் வருகிற வழிக்குப் போதுமானதைச் சேர்த்துவிட்டாள். தைப்பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன் என்று தாய்க்குச் சொல்லியிருந்தாள். அக்கா அதை எங்களிடம் சொன்ன நாளில் சேருக்கும் எனக்கும் ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து தந்தார். மகள் வரும்வரை தாயும் மகளும் பேசிக்கொள்ளும் அந்தப் போனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கவலை.

அந்த மாதத்தில் சேர் புதிதாக ஒன்றை வாசித்திருந்தார். ஒருவருடைய குரலைக் கொஞ்சம் கேட்டாலே போதும், இயந்திரம் அதே குரலில் எதையும் பேசிவிடுமாம். பாறையிலேயே அது அவரைப் பயப்படுத்தியது எனக்குத் தெரிந்தது. அன்றைய செய்தியில் சொன்னார்: "நாளைக்கு என் கொரல்லயே எவனாவது பேசுவான். வேற நம்பர்ல இருந்து என் கொரல் வந்துச்சுன்னா அது நான் இல்ல. நம்பாதீங்க. என் நம்பர்ல இருந்து வந்தா மட்டும் நம்புங்க." நல்ல புத்திமதிதான். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அது நடந்த காலையில் நல்ல வெயில். நாங்கள் பாறையில் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய போனுக்கு எங்கள் பள்ளிக்கூட அதிபரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கல்வி வலயத்தில் இணையப் பயிற்சி, உங்கள் போனுக்கு இப்போது ஒரு இரகசிய எண் வரும், உடனே அனுப்பவும், நேரமில்லை என்று இருந்தது. எண் வந்தது. சேர் அனுப்பிவிட்டார். இப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று ஊருக்குச் சொன்ன அதே வாய், அதே விரல். ஏன் கொடுத்தார் என்று வெளியே இருந்து கேட்பவர்களுக்கு விளங்காது. நாங்கள் லயத்தில் பிறந்தவர்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் அம்மா அப்பா ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மேலே இருந்து ஒரு சொல் வந்தால் எங்களுக்குக் கை முதலில் அசையும், புத்தி பிறகுதான் வரும். அதிபர் கேட்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எவருக்கும் இல்லை. அதிபரின் போனிலிருந்த செய்திக் கணக்கை யாரோ முதல் நாளே பிடித்துக்கொண்டிருந்தான் என்பது அதிபருக்கே அப்போது தெரியாது.

அந்த எண்ணோடு சேரின் கணக்கும் அவருடைய கையைவிட்டுப் போனது. அவர் போனைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். "என்ன சேர்?" என்றேன். "ஒவ்வொருத்தங்க போனுக்கும் இதே மாதிரி நம்பர் அனுப்புவான் சேர். அது இங்கிலீசுல வரும்" என்றார். மேற்கொண்டு சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆங்கிலத்தில் எது வந்தாலும் சனங்கள் படம் பிடித்துச் சேருக்கு அனுப்புவார்கள். சேரின் பெயரில் உட்கார்ந்திருக்கிறவன் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. கேட்கக்கூட வேண்டியதில்லை.

என் போனை வாங்கிக் குழுவுக்குப் பேசினார். "நான்தான் பேசுறேன். எனக்கு ஒன்னும் அனுப்பாதீங்க. என் போன களவெடுத்துட்டான்." வேறொரு எண்ணிலிருந்து வந்த சேரின் குரல் அது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பெருமையாகப் பதில் போட்டார்: "பாத்தீங்களா, சேர் சொன்ன மாதிரியே அவரு கொரல்ல எவனோ பேசுறான். யாரும் நம்பாதீங்க." மற்றவர்கள் கும்பிட்ட கைப் படங்களைப் போட்டார்கள். அதன்பிறகு என்னைக் குழுவிலிருந்து யாரோ நீக்கியும் விட்டார்கள். சேர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்துப் பார்த்தார். அதற்குள் பெரட்டு முடிந்திருந்தது. மலையில் கொழுந்தெடுத்து நிற்கிறவர்கள் போனைப் பையில் சுற்றி இடுப்பில் சொருகியிருப்பார்கள். மணி அடித்தால் கங்காணி ஏசுவார். ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு அவர் ஓடினார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. மூன்று பிடித்து ஒன்றை நகர்த்துகிற விதியெல்லாம் போய்விட்டது. பாறையில் சறுக்கி விழுந்து, எழும்பி, மானாப்புல்லுக்குள் மறைந்து, தேயிலைக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டையாக இறங்கிக்கொண்டிருந்தார். நான் என்னால் முடிந்த வேகத்தில் பின்னால் போனேன். லயம் லயமாகக் கத்திக்கொண்டு போயிருக்கிறார். கிழவர்களும் கைப்பிள்ளைக்காரர்களும் வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். சிலர் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் மலையில் ஓடுகிற மனிதனைவிடப் போன் வேகமானது. அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தானே?

நான் மேல் டிவிசனைச் சேர்ந்தபோது கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். சேர் தராசுக்குப் பக்கத்தில் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார். முட்டியிலிருந்து இரத்தம் வழிந்தது. அந்த அக்கா கொழுந்துப் பையை இறக்கிவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டி, நல்ல பிள்ளையாகச் சொன்னார்: "அப்பவே அனுப்பிட்டேன் சேர். நீங்க சொன்ன மாதிரியே ஒன்னையும் தொடல. ஒங்க கொரல்ல எவனோ பேசினான், அத நான் காதுலயே போட்டுக்கல." சேர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தது நீளமான கதையில்லை. களவுபோன தாயின் கணக்கிலிருந்து மகளுக்குச் செய்தி போனது. எனக்குக் கடுமையான வருத்தம், ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டும் என்று. மகளுக்கு என்ன தெரியும்? அது தாய் பேசுகிற போன். வருகிற வழிக்கு வைத்திருந்தது முழுவதையும், சொன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பினாள். போதாது என்று மறுபடி கேட்டபோது வீட்டுக்காரியின் காலில் விழுந்து முன்பணம் வாங்கி, ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். உண்மை தெரியவந்தபோது கையெழுத்துக் காய்ந்திருந்தது. பதுளைக்குப் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். எழுதிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கும் என்று நாங்கள் நம்பவும் இல்லை.

சேர் அக்காவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். என் கணக்கை நான்தான் பறிகொடுத்தேன், நீங்கள் அனுப்பிய படம் அவனுக்குத்தான் போனது, என்னால்தான் பிள்ளை வரவில்லை என்றார். ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் நினைத்தேன். சேரும் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஏன் சேர் ஒங்க மேல போட்டுக்கிறீங்க? எங்களுக்காகக் காலையில மலையேறி நாயா ஓடுறவரு. அந்தப் பாவம் என்னைக்கும் ஒங்களுக்கு வராது" என்று சொல்லி, உள்ளே போய்ப் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தார். சேரால் அதைக் குடிக்க முடியவில்லை. ஏசியிருந்தால் பிழைத்திருப்பார்.

சனங்கள் நிறுத்தவில்லை. சேர் புதிய கணக்குத் தொடங்கியிருப்பார் என்று விடுதிக் கதவைத் தட்டி, போனை நீட்டி, "இது நல்லதா சேர்?" என்று கேட்டார்கள். உள்ளே இருந்துகொண்டே தான் இல்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். பாறைக்குப் போகவில்லை. அந்தப் பள்ளித் தவணை முடிந்ததும் இடமாற்றம் எழுதிக் கொடுத்தார். இப்போது மலையே இல்லாத ஒரு ஊரில் படிப்பிக்கிறார். பொத்தான் அமுக்குகிற பழைய போன்தான் வைத்திருக்கிறார். நான் போன் எடுத்தால் சீனி எப்படி இருக்கிறது என்று கேட்பார், வேறொன்றும் பேசமாட்டார். ஓடுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "எங்க ஓடுறது?" என்றார்.

போன கிழமை லுணுகலையில் அந்த அக்காவைக் கண்டேன். மாவுப் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மகள் வந்துவிட்டாளா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க சேர். இன்னும் கொஞ்ச நாள் இருக்கணுமாம். பேசுறப்பெல்லாம் ஏசத்தான் செய்றேன். எவனோ கேட்டான்னு அம்புட்டையும் தூக்கிக் குடுத்துட்டியே, நம்ம சேர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பியிருக்கக் கூடாதான்னு."

"அதுக்கு அவ என்ன சொல்றா?"

"'ஒம் போன்ல இருந்து நீ கேட்டதாலதானேம்மா அனுப்புனேன்'னு மொதல்ல ஒரு தரம் சொன்னா. நான் எப்பங்க கேட்டேன்? இப்ப அதையும் சொல்றதில்ல."