‘ஆகு’ என்று கத்திய நண்பன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நண்பர்கள் மூவருடன் என் மோட்டாரில் ஆரியங்காவு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே பாக்கு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் வந்தன. வழிவிடக் காரைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. இடம் பார்த்துச் சொல்ல ராஜபாளையத்து நண்பன் சுப்பராஜா இறங்கி நின்றான்.

கொஞ்சம் எடுத்ததுமே “ஆகு! ஆகு!” என்று கத்தினான். ‘ஆகும், இன்னும் வா’ என்கிறான் என்று நினைத்து அழுத்தி மிதித்தேன். பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் தொங்கியது. சரளைக்கல் உருளும் சத்தம் ஓயவேயில்லை.

“அசையாதீக அய்யா! நாங்க பிடிச்சிருக்கோம்!” முன்பின் தெரியாத வண்டிக்காரர்கள் ஓடிவந்து முன்பக்கம் தொற்றிக்கொண்டு பாரம் கொடுத்தார்கள். ஒருவர் தம் மாடுகளை அவிழ்த்து வந்து காரில் கட்டி இழுத்தார். வளைவு தாண்டும்வரை கூடவே நடந்தும் வந்தார்.

“ஏலே, ஆகும்னு சொல்லிக் கொல்லப் பார்த்தியே!” என்று சுப்பராஜா மேல் பாய்ந்தேன்.

“ஆகுன்னா எங்க தெலுங்குல நில்லுன்னு அர்த்தம்லே! பயத்துல தமிழ் வரல.”

இப்போதெல்லாம் பின்னால் யார் நின்றாலும், “பயந்தா எந்தப் பாஷையில கத்துவீக?” என்று கேட்காமல் நான் காரைப் பின்னால் எடுப்பதில்லை.