புகையில்லாத நெருப்பும் ரபீக் நானாவும்

செவ்வாய்க்கிழமை காலை கினிகத்தேனையிலிருந்து கோழிக்கடைத் தம்பி போன் எடுத்தார். "அக்கா, ரபீக் நானா போயிட்டாருக்கா. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். பின்னேரம் அடக்கம்."

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரபீக் நானா கினிகத்தேனை பஸ் தரிப்பிடத்துக்குக் கொஞ்சம் மேலே கரிக்கடை வைத்திருந்தவர். கரிக்கு நடுவே நின்றும் அவர் கறுப்புச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் வெள்ளைதான், அதிலும் ஒரு கறை இருக்காது. நோட்டன் பிரிட்ஜில் என் வீட்டின் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடத் தொடங்கியபோதுதான் எனக்கு அவரோடு பழக்கம். வருகிறவர்களெல்லாம் பாபிகியூ கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது மிலாறு விறகுதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். முதல் நாள் கோழியை என் வீட்டு நாய்கூடத் தொடவில்லை.

மறுநாள் அவரிடம் போய் வாசலில் இருந்த ஒரு மூட்டை கரியைக் கேட்டேன். விற்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அது வாணாம் தங்கச்சி, நேத்து மழையில ஈரம் புடிச்சது. வெடிச்சு உங்கட சாரியில பொறி விழும்." உள்ளேயிருந்து வேறு கரி எடுத்து வந்து, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினார். கிண்ணென்றது. "இந்தச் சத்தம் வந்தாத்தான் காசைக் குடுங்க. மொத்தென்று விழுந்தா என்னையும் நம்பாதீங்க."

எந்த வியாபாரி இப்படிச் சொல்வார்? பற்றவைக்கவும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பெரிய பிஸ்கட் டின்னின் அடியில் ஓட்டை போட்டு, கீழே கசக்கிய பேப்பர், மேலே சிரட்டைக் கரி, அதற்கு மேல் மரக்கரி. மண்ணெண்ணெய் வாடையே ஆகாது. கரி முழுக்க வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை இறைச்சியைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. "புகை நிக்கட்டும், அவசரப்படாதீங்க" என்பார். நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்த அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. சாப்பாடு முடிந்தும் அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் குளிரில் நடுங்கின. தோட்டத்து லய வீட்டில் அடுப்படியில் குந்திக் குளிர் காய்ந்து வளர்ந்தவள் நான். தகரத்து இடுக்கெல்லாம் காற்று வந்த லயம் அது என்பது எனக்கு உறைக்கவில்லை. புகைதான் நின்றுவிட்டதே என்று அடுப்பை அவர்கள் அறைக்குள் தூக்கி வைத்து, ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில், மறுநாளுக்கு வேண்டிய கரியோடு ரபீக் நானா முச்சக்கர வண்டியில் வந்தார். முற்றத்தில் அடுப்பைக் காணவில்லை. "அடுப்பு எங்க தங்கச்சி?" என்றார். சொன்னேன். கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். பிள்ளைகள் தலைவலி என்று சுருண்டு கிடந்தார்கள், தாய்க்குக் கண் செருகியது. துணி தேடக்கூட அவர் நிற்கவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பை வெறுங்கையால் பிடித்துத் தூக்கி மழையில் எறிந்தார். பிறகு எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

"புகை இல்லன்னா அது மூச்சு விடலன்னு நெனச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். கனலும் கரி விடும் விஷவாயுவுக்குப் புகையும் இல்லை, வாடையும் இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய உள்ளங்கை தோலுரிந்து தொங்கியது. வெட்கத்தில் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை நான். அவரே தேடி வந்து, "கரி வாங்க வேற கடை புடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். அன்றைக்காவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கோழி விலையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று பெண்கள் இருந்த அறையில் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகைக்கு நடுவே அவர் சொன்னார்: "இத்தனை வருசம் கரி வித்த மனுசன், ஒருக்கா கவனமில்லாம கடை அடுப்புல கையச் சுட்டுக்கிட்டு வந்தாரு. நான் ஏசாத ஏச்சில்ல. ஊரே கேலி பண்ணிச்சு. வாயத் தொறக்கலயே அவரு."

அந்தக் கை சுட்டது என் வீட்டு அடுப்பில். உண்மை வெளியே போனால் என் வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்காக, பிழையே செய்யாத தொழிலில் பிழை செய்தவராகக் கடைசிவரை இருந்துவிட்டார். அங்கேயே, அவ்வளவு பேர் முன்னால், நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி என் கையை விடவில்லை. "கொஞ்சம் பொறுங்க. புள்ளைங்களயும் கூப்பிடுறேன். மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இப்போது எழுதியும் விட்டேன். வாசித்துவிட்டு என் வீட்டுக்கு வராமல் போகிறவர்கள் போகட்டும். ரபீக் நானா, கவனமில்லாமல் இருந்தது நான், நீங்கள் இல்லை. நிம்மதியாக உறங்குங்கள்.