சரஸ்வதி பூசையன்று வாங்கிய ஈரல்

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறந்துவிடும் என்பதற்காக அல்ல, நீங்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒழுகுகிற கொட்டகையில், உரலும் உலக்கையுமாக மிளகாய் இடிக்கத் தொடங்கினேன். மழை வலுத்தால் சந்துக்குள் முழங்கால் தண்ணீர் வரும். மூட்டைகளைத் தலையில் சுமந்துபோய் அடுத்த வீட்டு மாடிப்படியில் அடுக்குவேன். நான் இடித்த இடியில் சந்து முழுக்கத் தும்மியது. தும்மியவர்கள் கூட்டமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். பிறகு அவர்களே மல்லியும் மிளகாயும் காயவைத்து எடுத்துக்கொண்டு என் வாசலில் வரிசை பிடித்தார்கள். உரல் போய் மோட்டார் மில் வந்தது. மில்லுக்குப் பின்னால் வேன் வந்தது. கொட்டகை நின்ற இடத்திலேயே கட்டடம் எழுந்தது. வங்கியில் ஒருவர், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். இருமல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டு மீன் குழம்பு மணந்ததே என் தூளால்தான் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. நான் ஒரு தாதியை உருவாக்கினேன். அவர் என் மனைவி. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் பல காலம் வேலை பார்த்துத் தலைமைத் தாதியாக ஓய்வு பெற்றவர். ஏதோ வெள்ளைத் தொப்பியோடு பிறந்தவர் மாதிரி இன்று எல்லாரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. அவள் (அப்போது 'அவள்'தான், 'அவர்' ஆனது உடுப்பு போட்ட பிறகு) மாலையில் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடுநிலைப் பள்ளிப் பாடம், ஆங்கிலத்தில். வருட முடிவில் இறுதித் தேர்வு. அதில் தேறினால் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு எடுப்பார்கள். தேறாவிட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், கதவு சாத்திக்கொள்ளும். மற்றப் பாடங்கள் பரவாயில்லை. விஞ்ஞானம் மட்டும் கழுத்தைப் பிடித்தது. நடுவில் வைத்த சோதனையில் அதில் மண்ணைக் கவ்வியிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். உயிர், பொருள், சுற்றுப்புறம் என்று விஞ்ஞானத்தை ஆட்டுக்கறிபோல் மூன்று கூறு போட்டிருந்தார்கள். புத்தகம் இங்கிலாந்தில் அச்சடித்தது. திறந்தால் பனி கொட்டும். ஓக் மரம் இலை உதிர்க்கும், முள்ளெலி குளிருக்குப் பயந்து தூங்கும். சிங்கப்பூரில் இருப்பதோ இரண்டே பருவம்: மழை பெய்துகொண்டிருக்கும் பருவம், பெய்யப் போகும் பருவம். வாத்தியாரும் முள்ளெலியைப் பார்த்ததில்லை. பார்த்தவர்போல் கரும்பலகையில் வரைந்தார், அது பெருச்சாளி மாதிரி இருந்ததாம். வரைந்துவிட்டு, "இது தேர்வில் வரும்" என்பாராம். அவருக்கு விஞ்ஞானம் என்றால் அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தின நாளில் வந்து விழுந்தது சரஸ்வதி பூசை.

எங்கள் வீட்டில் பூசை என் அம்மாவின் ஆட்சி. விடியும் முன்பே வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் பொறுக்கிச் சாமி முன்னால் அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, அதன்மேல் என் ஸ்பானர்களையும் வேன் சாவியையும் வைத்து, சந்தனம் தெளித்துவிட்டார். விஞ்ஞானப் புத்தகம் அடியில் போய்விட்டது. மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. இதே ஊரில் புத்தகம் இல்லாமல் தவித்த மற்றப் பிள்ளைகள் எத்தனை பேரோ.

"அத்தை, நாளைக்குக் காலையில பரீட்சை. விஞ்ஞானப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எடேன். அப்படியே அந்தத் தாயாரையும் தூக்கி வெளிய வெச்சிடு. படிப்பைக் குடுக்கிறவளே அவதான், அவகிட்டயே புடுங்கப் பாக்கிறியா?"

"நீங்க மறுபூசை பண்ற நேரத்துக்கு நான் பரீட்சை ஹால்ல இருப்பேன் அத்தை."

"உக்காந்து எழுது. பாஸ் பண்ண வைக்கிறது அவ பொறுப்பு."

சரஸ்வதி எந்தப் பரீட்சையும் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அம்மாவிடம் வாதாட முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர். 'நான் பார்க்க மாட்டேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மருமகள் வாசற்படி தாண்ட முடியாது. பரீட்சை நடத்தும் துரைமார்களைவிடப் பெரிய அதிகாரி எங்கள் அடுப்படியில் இருந்தார்.

மில்லுக்கும் விடுமுறை. அவளை வீட்டின் முன்புறமிருந்த கடைப் பக்கம் கூட்டிவந்து மூட்டைமேல் உட்காரவைத்தேன்.

"ஒப்பி."

"புத்தகம் இல்லாம யாரு சரி பாக்கிறது?"

"நான்தான்."

சிரித்தாள். "நீங்களா? மூணாங்கிளாஸ்லா!"

"மூணாங்கிளாஸுக்கே புரியலன்னா உனக்கும் புரியலன்னு அர்த்தம். இங்கிலீஷ் வேணாம், தமிழ்ல சொல்லு."

முதலில் மழை. கடல் தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, மேகமாகி, மழையாகிறது என்று கடகடவென்று சொன்னாள். நான் விடவில்லை.

"கடல் தண்ணி உப்பு. மழை ஏன் கரிக்கல?"

"அது புத்தகத்துல இல்லீங்க."

"அப்ப அது இங்கிலீஷ்காரன் மழை. நம்ம தேக்காவுல பெய்யுற மழையைச் சொல்லு."

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். சட்டியில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடினாள். மூடியைத் தூக்கி, அதன் உட்புறம் துளிர்த்த நீரை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "உப்பே இல்லீங்க! உப்பு சட்டியிலயே நின்னுடுச்சு!" என்று கத்தினாள். அத்தனை மாதம் வகுப்புக்குப் போனவள் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது: "நல்ல நாளும் அதுவுமா மூடியை நக்கிட்டு நிக்கிறாளே! வீட்டுல சோத்துக்கு என்ன பஞ்சம்?"

அடுத்தது உராய்வு. உராய்வு வேலையைக் கெடுக்கும், அதனால்தான் எண்ணெய் போடுகிறோம் என்றாள். என் மில் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கிக்கொண்டு சக்கரம் நின்றுவிடுமே, அங்கே உராய்வுதானே இழுக்கிறது என்றேன். "ஓட்டிக் காட்டுங்க" என்றாள். சந்தனம் குங்குமம் வைத்த மெஷினை இன்றைக்குத் தொடக் கூடாது என்றேன்.

"ஓகோ. பாடம் படிக்கலாம், மெஷினைத் தொடக் கூடாதா? உங்க சாமி மட்டும் ஒசத்தியா?"

மெஷின் வேறு, புத்தகம் வேறு. மெஷின் கோபித்துக்கொண்டால் விரல் போகும். அதைச் சொல்லாமல், "மேல சொல்லு" என்றேன்.

மேலே வந்தது மனித உடம்பு. இரைப்பை, குடல் என்று இறங்கிவந்தவள், ஈரல் இடப் பக்கம் என்றாள். பிறகு வலப் பக்கம் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இடது என்று அடித்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள், ஒருவர் உறுதியாக இருந்தால்தான் வீடு நடக்கும். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "படம் போட்டுப் பேரு எழுதச் சொல்லுவாங்க. தாதியாகப் போறவளுக்கு ஈரல் எங்க இருக்குன்னு தெரியலன்னா எப்படிங்க?" பதில் இருந்த புத்தகம் பக்கத்து அறையில் பட்டுத்துணிக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"கிளம்பு" என்றேன். தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்தோம்.

ஆட்டுக்கறிக் கடை பாய் என்னிடம்தான் மசாலா அரைப்பவர். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். "என்ன மொதலாளி, இன்னைக்கு உங்களுக்குப் பூசையாச்சே? வழி தவறி வந்துட்டீங்களா?"

"கறிக்கு வரல பாய். ஈரல் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இந்தா, இந்தப் பக்கம்" என்று பலகையில் கிடந்த ஈரலைக் காட்டினார்.

"அது உங்க கடையில. ஆட்டுக்குள்ள எந்தப் பக்கம்?"

பாய் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாளைக்குப் பரீட்சை என்று அவள் சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொக்கியில் ஓர் ஆடு தலைகீழாகத் தொங்கியது, வயிறு காலி. ஈரலைத் தூக்கி அந்தக் காலி வயிற்றுக்குள் பொருத்திக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "இதுதாம்மா அதோட வீடு. ஆட்டுக்கும் மனுசனுக்கும் இதுல வித்தியாசம் இல்ல."

ஆடு தலைகீழாக இருந்தது, எங்களைப் பார்த்தபடி வேறு. அதன் வலது எது, இடது எது? நான் ஒன்று சொன்னேன், மீன் வாங்க வந்தவர் ஒன்று சொன்னார், காய்கறிக் கடைக்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் மறுத்தார். என் மனைவி யாரையும் கேட்கவில்லை. ஆட்டை நோக்கி நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைத் தரையை நோக்கிச் சாய்த்துக் கைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். கூட்டமே வாய் பிளந்தது. நிமிர்ந்தாள். "வலது!" என்றாள். "வலதேதான்" என்றார் பாய். நான் அப்போதே ஒப்புக்கொண்டேன், அவ்வளவு பெருந்தன்மை எனக்கு உண்டு.

பாய் சும்மா விடுவாரா? "அவ்வளவு நேரம் புடிச்சிட்டு நின்னேன், வாங்கிட்டுப் போங்க" என்று ஈரலைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிட்டார். பொட்டலத்தோடு திரும்பினால், பூ வாங்க வந்த அம்மாவின் கோயில் கூட்டாளி எதிரில் நிற்கிறார். எங்களைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், பூ வாங்காமலே போய்விட்டார்.

நாங்கள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றார். பார்வை என்மேல் இல்லை, அவள்மேல்.

"படிக்கக் கூடாத நாள்ல படிச்சே. கறிக்கடை வரைக்கும் போயிட்டியா? இந்தப் படிப்புதானே இழுத்துட்டுப் போச்சு? நாளைக்கு எந்தப் பரீட்சைக்கும் நீ போக வேணாம். புள்ளையை நான் பாத்துக்க மாட்டேன்."

அடுத்த வருடம் என்பது அவளுக்குக் கிடையாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். நான் பொட்டலத்தை முன்னால் நீட்டினேன்.

"அவளை ஏம்மா திட்டுறே? நாக்கு அடங்காம நான்தான் போனேன். ஈரல் வறுவல் திங்கணும்போல இருந்துச்சு. வேணாம் வேணாம்னு அழுதுகிட்டே பின்னால வந்தா. அதுதான் நடந்துச்சு."

அதற்கு அம்மாவிடமிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது, குடும்பத்தார் படிப்பார்கள். ஆனால் கவனியுங்கள்: பெண்பிள்ளை புத்தகம் திறந்தால் பரீட்சைக்கே தடை, ஆண்பிள்ளை நல்ல நாளில் ஆட்டு ஈரல் கேட்டால் வசவோடு சரி. அந்த நியாயம் எனக்கு அன்றைக்கு உதவியது, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. என்னைக் கிணற்றில் முக்காத குறையாகக் குளிப்பாட்டினார்கள். ஈரலை அடுத்த வீட்டு மோட்டார் மெக்கானிக், ஒரு சீனர், இஞ்சி போட்டு வதக்கிச் சாப்பிட்டார். தின்றது அவர், பேர் எனக்கு.

மருமகள்மேல் அம்மாவுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "இவனைக் கட்டிக்கிட்டு நீ என்ன சுகத்தைக் கண்டே?" என்று கட்டிப்பிடித்தார். மறுநாள் இருட்டோடு எழுந்து, மறுபூசையை முன்கூட்டியே முடித்து, விஞ்ஞானப் புத்தகத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு பூசி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். சரஸ்வதி எனக்குக் கொடுக்காத வரத்தையெல்லாம் என் கெட்ட பெயர் அவளுக்கு வாங்கிக்கொடுத்தது.

அன்று மாலை வந்தாள். "ஈரல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வரல. மழை வந்துச்சு. ஏன் உப்பு இல்லன்னுதான் கேட்டிருந்தாங்க. ரெண்டு பக்கம் எழுதினேன்."

தேறினாள். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தில் 'ஈரல் மொதலாளி' என்று பெயர் நிலைத்தது. கோயிலில் நன்கொடைக்கு மட்டும் என் ஞாபகம் வரும், மாலை மரியாதை என்றால் என்னைத் தாண்டிப் போய்விடும். அம்மா இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

இப்போது, ஓய்வுபெற்ற தாதிகளைப் பற்றி ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். என் மனைவியின் பேட்டி வந்திருக்கிறது. வாத்தியாருக்கு நன்றி, அத்தைக்கு நன்றி, கலைவாணிக்கு நன்றி. பெருச்சாளி வரைந்தவருக்குக்கூட நன்றி! என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: "என் கணவர் பெரிய சாப்பாட்டுப் பிரியர், சரஸ்வதி பூசையன்றே ஈரல் வாங்கப் போனவர்." பக்கத்தில் சிரிக்கிற படம்.

"ஏன் இப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"கேக்க நல்லா இருந்துச்சுங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

சிரிக்கட்டும். ஆனால் மலர் போட்டவர்களுக்கு இதை அனுப்பிவைக்கிறேன். அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும். நான் ஈரல் தின்னப் போகவில்லை. அவள் பரீட்சைக்காகப் போனேன், அவள் பரீட்சைக்காகப் பொய் சொன்னேன், இத்தனை வருடம் அந்தப் பழியைச் சுமந்தேன். அந்த ஈரலில் ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. இதை அப்படியே போடுங்கள், அவள் படத்துக்குக் கீழே, அவள் பேச்சுக்கு எவ்வளவு பெரிய எழுத்தோ அதே எழுத்தில்.