பாலத்தில் அழிக்கும் பொட்டு

"அம்மா, இயேசப்பா பாலத்துக்கு அந்தப் பக்கந்தான் இருப்பாவளா? நம்ம வீட்டுப் பக்கம் வரமாட்டாவளா?"

என் நாலு வயது மகள் கிருபை இதைக் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. மிஷன் பள்ளிக்கூட போர்டிங்கில் இருந்தபோது வேதபாடத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான். ஆசிரியை பயிற்சியும் முடித்தவள். என் பிள்ளையின் கேள்வி ஒன்றுக்கு வாய் திறக்க முடியாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அவள் கேட்ட இடம் மாதுங்காவில் ரயில் தண்டவாளங்களுக்கு மேலே போகும் நடைபாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்காக நாங்கள் மூவரும் அதைக் கடந்து தாராவிக்கு நடந்து போகிறோம். பாலத்தின் நடுவே வந்ததும் நான் நிற்பேன். நெற்றியிலிருக்கும் குங்குமத்தை முந்தானையால் துடைப்பேன். ரவிக்கைக்குள் செருகி வைத்திருக்கும் தாலியை வெளியே எடுத்து விடுவேன். அதில் சிறு சிலுவை கோத்திருக்கிறது. ஆராதனை முடிந்து திரும்பும்போது அதே இடத்தில் தாலி உள்ளே போகும். முந்தானை முடிச்சில் காகிதத்தில் மடித்து வைத்த குங்குமம் நெற்றிக்கு வரும். வாரத்தில் ஆறு நாளும் மாதுங்காவில் நான் ஓர் இந்துப் பெண். ஞாயிறு காலையில் மட்டும் கிறிஸ்தவள்.

பாலத்தில் கொய்யாப்பழம் விற்கும் மராட்டிக்காரி ஒருத்தி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொட்டைத் துடைத்தபோது அவள் கூடையை விட்டு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக பாயி! நவரா ஆஹே நா?" என்றாள். புருஷன் இருக்கிறான் அல்லவா என்று கேட்கிறாள். "ஆஹே, ஆஹே" என்று முன்னால் நடந்துகொண்டிருந்த என் கணவரைக் காட்டினேன். உயிரோடு புருஷன் நிற்க, ஒருத்தி நட்டநடுப் பாலத்தில் குங்குமத்தை அழிக்கிறாள் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்! அவள் நேரே அவரிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டித் திட்ட ஆரம்பித்தாள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விலை சொல்கிறாள் என்று நினைத்து நாலு கொய்யாப்பழம் வாங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

இந்த வேஷம் ஏன் என்று கேட்பீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் தாராவியில் என் மதினி வீட்டில் ஒண்டியிருந்தோம். நம் திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள் நிறைந்த இடம். சபையும் பக்கத்தில்தான். வாசலில் உட்கார்ந்து பாடினால் பக்கத்து வீட்டிலும் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் சுற்றிலும் தோல் பதனிடும் கிடங்குகள். பச்சைத்தோல் நாற்றமும் சுண்ணாம்புக் காரமும் புகையும் சோற்றிலும் துணியிலும் ஏறும். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. கிருபைக்குப் பழகவில்லை. ஒன்றரை வயதில் அவளுக்கு இழுப்பு தொடங்கியது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் உள்ளே போய் வரும். உதடு நீலம் பாயும். "இந்த இடத்தை விட்டுக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று போன வருஷம் டாக்டர் சொல்லிவிட்டார்.

உலக யுத்தம் நடக்கும் இந்தக் காலத்தில் பம்பாயில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊரிலிருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இவர் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தா. கூட வேலை செய்பவர் சொல்லி, மாதுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், கீழ்வீட்டுப் பாலக்காட்டு ஐயர் குடும்பத்தின் பின்கட்டில் ஓர் அறை காலியாக இருப்பது தெரிந்தது. வேப்பமரம், கிணற்றடி, நல்ல காற்று. வீட்டுச் சொந்தக்காரர் கேட்டது இரண்டே கேள்வி. "மாமிசம் சமைக்கப்படாது, சரியா?" என்றார். சரி என்றார் இவர். "திருநெல்வேலிப் பிள்ளைமாரோ?" என்றார். இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு வருஷமாகச் சண்டை போடுகிறேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்? அவரு கேட்டாரு, சிரிச்சேன். அவரா ஒண்ண நெனச்சிக்கிட்டா நான் என்ன செய்ய?" என்பார். சாமுவேல் ரத்தினம் கதவில் வெறும் எஸ். ரத்தினம் ஆனார். கிருபை, கிருபா ஆனாள். "வேதத்திலேயே ஒரு ராணி தன் ஜனம் இன்னதுன்னு சொல்லாமத்தானட்டி அரமனையில இருந்தா?" என்றும் கேட்பார். "கடைசியில அவ ராஜா முன்னால போயி சொன்னாள்லா? நீங்க எப்பம் சொல்லப் போறிய?" என்று நான் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வீட்டுச் சொந்தக்காரர்மேலும் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. அந்த ஆத்திரத்தோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வருகிறது. நான் பிறந்த ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். எங்கள் அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இந்துக் கம்பவுண்டர் ஒருவர் எங்கள் வெளிவீட்டை வாடகைக்குக் கேட்டார். "சாமி படம் மாட்டக்கூடாது, விளக்குப் பூசை கூடாது" என்று அப்பா சொன்னார். அந்த மனுஷர் சரி என்று குடிவந்தார். அவர் மனைவி எங்கே, எப்படிக் கும்பிட்டாள் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. விசுவாசத்துக்காக ஒரு காசு செலவில்லாத ஊரில் நான் வளர்ந்தேன். அதைப் பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அம்மாளின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நவராத்திரிக்கு வீட்டுக்கார அம்மாள் பார்வதி மாமி பெரிய கொலு வைத்திருந்தார். கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். போகாமலிருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று இவர் சொன்னதால் நானும் கிருபையோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். சுண்டல் வருமுன் பாட்டு. ஒவ்வொருத்தராகப் பாடினார்கள். மாமி என்னைப் பார்த்தார்.

"நீங்க கொழந்தையைத் தூங்கப் பண்ணறச்சே முணுமுணுக்கறது எனக்குச் சமையக்கட்டுல கேக்கும். நல்ல சாரீரம். ஒண்ணு பாடப்படாதோ?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் சபையில் பாடும் கீர்த்தனைகள்தாம். ராகம் தாளம் எல்லாம் அவர்கள் பாடுவதைப் போலத்தான் இருக்கும், பெயர்தான் வேறு. மறுத்திருக்கலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாக வாய்விட்டுப் பாடாதவள் நான். ஒன்றைப் பாடினேன். இயேசுவின் நாமம் வருகிற இடங்களிலெல்லாம் 'தேவா' என்று மாற்றி வைத்தேன். பாடப் பாட அது இலகுவாக வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பெண்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

முடித்ததும் என் மடியிலிருந்த கிருபை கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அம்மா, தப்பாப் பாடிட்டிய! இயேசப்பா பேர விட்டுட்டிய!" சொன்னதோடு விடாமல் அந்த அடியைச் சரியான பெயரோடு அவளே பாடிக் காட்டினாள்.

பார்வதி மாமிதான் முதலில் சிரித்தார். "கேட்டேளா? கான்வென்ட்ல சொல்லிக் குடுக்கறது. இந்தக் காலத்துக் கொழந்தைகள் எல்லாத்தையும் பாடறதுகள்!"

"நாலு வயசுல கான்வென்ட்டா?" என்றார் மூன்றாம் மாடி அம்மாள்.

"நான் இஸ்கூலுக்கே போகல" என்றாள் கிருபை.

"போடி வாயாடி! முதல்ல சுண்டலைத் தின்னு" என்று மாமி அவள் வாயில் ஒரு கை சுண்டலை வைத்து அடைத்தார். பேச்சு வேறு பக்கம் போனது. எனக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆண்கள் ஆபீசுக்குப் போனபின், மாமி எங்கள் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீங்க வேதக்காரான்னு நேக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "ஞாயித்துக்கெழமை போறச்சே இருக்கற பொட்டு வேற, வர்றச்சே இருக்கற பொட்டு வேற. போறச்சே வட்டமா இருக்கும். வர்றச்சே கோணல். நேக்குக் கண்ணில்லையா?"

"எங்களைக் காலி பண்ணச் சொல்லிருவீங்களா மாமி?"

"சொல்றதா இருந்தா நேத்து ஏன் வாயைத் திறந்து பொய் சொல்லணும், அதுவும் அம்பாள் முன்னாடி? எங்காத்து மாமாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சாமானை வெளியில வைப்பார். தெரிய வேண்டாம். மூச்சு வாங்கற கொழந்தையை வச்சுண்டு எங்க போவேள்? நீங்க உங்க பாட்டுக்கு இருங்கோ. கொழந்தைக்கு மட்டும் சொல்லி வையுங்கோ. அந்தப் பேர் வாசலைத் தாண்டப்படாது."

அவர் நல்லவர். அதனால்தான் என்னால் அவரிடம் கோபப்படவும் முடியவில்லை. கும்பிட்டேன். அன்று சாயங்காலம் என் பிள்ளையை உட்காரவைத்து, இயேசுவின் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி, கர்த்தருக்குள் வளர்ப்பேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்த நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் புத்திசாலி. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாள் என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. ஞாயிறு தாராவிக்குப் போய் வந்த சாயங்காலம் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளை நிமிர்த்தி மடியில் சாய்த்து, நெஞ்சைத் தடவி, வழக்கம்போல வாய்விட்டு ஜெபித்தேன். 'இயேசுவே' என்ற வார்த்தை வந்ததும் ஒரு சிறு கை என் வாயைப் பொத்தியது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த பிள்ளை, கிடைத்த கொஞ்சம் மூச்சையும் செலவழித்து, "மெல்ல... மாமாக்குக் கேட்டுரும்" என்றாள்.

அந்தக் கையை எடுத்துவிட எனக்குப் பலம் இல்லை. வாயை மூடிக்கொண்டே ஜெபித்தேன். இழுப்பு அடங்கியது. என் கோபம் அடங்கவில்லை.

முதலில் இவரிடம் கத்தினேன். "இந்த வீடு வேண்டாம், போயிருவோம்" என்றேன். "போலாம். பிள்ளைக்கி மூச்சு நின்னா நீ பதில் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு சபையின் உபதேசியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "மனுஷர் முன்னால மறுதலிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமாம்மா? தாராவிக்கே திரும்பி வாங்க. பிள்ளை மூச்சைக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். உபதேசியாரின் குடும்பம் இருப்பது பைகுல்லாவில், நாலு ஜன்னல் உள்ள மாடியில். "உங்க பிள்ளைகளையும் இங்க கூட்டிட்டு வாங்கய்யா. ஒரு மழைக்காலம் எல்லாரும் சேர்ந்தே கர்த்தரை நம்பிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். சபையில் அப்படிப் பேசியவள் என்று என்னைப் பற்றி இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஆனால் வீட்டுக்கு வந்தபின், அவர் சொன்னது சரியாகவும் நான் பேசியது பாவமாகவும் இருக்குமோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன். இரத்தசாட்சிகளைப் பற்றிப் பள்ளியில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள். பிள்ளையின் மூச்சைக் கொடு என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இந்த நிலையில் கிறிஸ்துமஸ் வருகிறது. கிருபையை முன்னால் நிறுத்தி ஒரு வசனம் சொல்லவைக்க வேண்டும் என்று தாராவியில் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வசனம் மனப்பாடம். ஆனால் வீட்டில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் உதட்டை மட்டும் அசைக்கிறாள். சத்தம் வருவதில்லை. "அங்க போயி சொல்லுவேன்" என்கிறாள். சொல்லுவாளோ, அங்கேயும் உதடு மட்டும் அசையுமோ, எனக்குத் தெரியாது. மதினி வீட்டு முன்னறை ஜனவரியில் காலியாகிறது. வருகிறோமா இல்லையா என்று அதற்குள் சொல்ல வேண்டும். இவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். விட்டுவிட்டாரா, தள்ளிவிட்டாரா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகையைத் திருநெல்வேலியில் வாசிக்கும் சகோதரிகளே, கொழும்பிலும் கோலாரிலும் பர்மாவிலிருந்து நடந்து திரும்பி வந்த இடங்களிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மாரே, என் பெயரைப் போடவேண்டாம் என்று பத்திராதிபரைக் கேட்டிருக்கிறேன். இதிலுள்ள பெயர்களும் மாற்றியவை. ஒளிந்து வாழ்வதைப் பற்றி ஒளிந்துகொண்டே எழுத வேண்டியிருக்கிறது. ஆனாலும் எனக்குப் பதில் எழுதுங்கள். பத்திரிகையிலேயே வரட்டும், வாசித்துக்கொள்கிறேன். எனக்காக ஜெபிப்பதாக எழுதவேண்டாம். ஜெபம் நானே செய்கிறேன், வாயை மூடிக்கொண்டாவது. விசுவாசமாயிரு என்றும் எழுதவேண்டாம். அதை எழுதுகிறவருக்கு மூச்சுத் திணறும் பிள்ளை இருக்காது. பிள்ளை சுவாசிக்க ஒரு வீடும், பிள்ளை வாய்திறந்து ஜெபிக்க வேறொரு வீடும் என்று உங்களுக்கும் வந்திருந்தால், எந்த வீட்டில் அவளைப் படுக்கவைத்தீர்கள்? அவள் பெரியவளானபின் உங்களிடம் என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுதுங்கள். ஜனவரிக்கு முன் எழுதுங்கள்.