பறி நழுவும் நேரம்

கன்னியம்மா இறந்த செய்தி வந்தபோது நான் திருப்பாலைவனத்தில் பேருந்துக்குள் இருந்தேன். அவருடைய மகள்தான் போனில் அழைத்தாள். "நர்சம்மா, அம்மா போய்டுச்சி" என்றாள். மழைச் சளி நெஞ்சில் இறங்கி, சென்னை ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு நாலு நாளாகக் கிடந்தவர். எதிர்பார்க்காத செய்தி இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எனக்கே வெட்கமாக இருந்தது. "எந்த நேரத்தில்?" என்று கேட்டேன். "கார்த்தால" என்றாள். காலை என்பது அவர் உடம்பில் தெம்பு நிறைந்திருக்கும் நேரம். சாயங்காலத்துக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்.

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலைப்பறி ஒன்று வேண்டும், அதன் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். கன்னியம்மா சிறு வயதிலிருந்து அப்படித்தான் பிழைத்தார். நாற்பதைத் தாண்டிய ஒரு நாள், பறி பல்லிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. கூடப் போன பெண்கள் முதலில் சிரித்தார்கள். பேச்சு குழறி, இமை பாதிக் கண்ணை மூடியதும் சிரிப்பு நின்று வேறு பேச்சு தொடங்கியது. குடிக்கிறாள் என்றார்கள். ஏரிக்குப் போகும்போது அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள்.

அந்த நிலையில்தான் என்னிடம் வந்தார். நான் அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம். குழறிய பேச்சைக் கேட்டேன், சொருகிய கண்ணைப் பார்த்தேன், சேற்றுப் புடவையைப் பார்த்தேன். வாயை ஊதச் சொல்லக்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் "குடிப்பழக்கம் உள்ளவர்" என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தச் சீட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போன இடத்திலெல்லாம் அதைப் படித்துவிட்டு, குடியை விடு என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த வருஷம் முழுக்க என் கையெழுத்துதான் அவருக்கு முன்னால் போய்ப் பேசியது.

திரும்ப வந்தது ஒரு காலை நேரம். கண் நன்றாகத் திறந்திருந்தது, பேச்சும் தெளிவு. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

"நர்சம்மா, கார்த்தால பறி பல்லுல நிக்குது. வெயில் ஏறினா வுழுது. கரையில கொஞ்ச நேரம் குந்தினா மறுபடியும் நிக்குது. ஒரு மாசமா பாத்துக்கினே கீறேன். குடிச்சவ குந்தினா தெளிஞ்சிடுவாளா?"

நான் படித்த படிப்பில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. மறுநாளே மீஞ்சூரில் ரயிலேறி, சென்னையில் நரம்பு மருத்துவரிடம் அவரை நானே அழைத்துப் போனேன். மருத்துவர் ஒரு ஐஸ் துண்டைக் கையுறையில் கட்டி, தொங்கிய இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் இமை மேலே ஏறியது. மயஸ்தீனியா என்றார். நரம்பு சொல்வதைத் தசை வாங்கவிடாமல் உடம்பே தடுக்கும் நோய். உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துவிடும், ஓய்ந்தால் கொஞ்சம் திரும்பும். நான் அழுதுவிட்டேன். கன்னியம்மாவோ மருத்துவரைக் குடைந்துகொண்டிருந்தார். "ஐஸ் வச்சா இன்னாத்துக்கு ஏறுது? கண்ணுக்கு வச்சா கண்ணு, தாடைக்கு வச்சா தாடையா?" அடுத்த நோயாளி கதவைத் தட்டும்வரை விடவில்லை.

மாத்திரையில் உடம்பு தேறிய பிறகு, ஊர்க் கூட்டம் போட்டு இந்த நோயைப் பற்றிச் சொல்லலாம் என்றதும் அவர்தான். "எனக்குத் தெரிஞ்சிடுச்சி. தெரியாதவ எவளோ ஒருத்தி குடிகாரின்னு பேர் வாங்கிக்கினு குந்தினு இருப்பா." ஊருக்கு நண்டுக் குழம்பும் சோறும் டோக்கன் போட்டு விற்பது, சேரும் பணத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களின் சென்னைப் பயணத்துக்கு வைப்பது என்று முடிவாயிற்று. இடம் கிடைத்தது டச்சுக் கல்லறைச் சுவருக்கு வெளியே உள்ள திடல். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கும் இடத்தில் போய் மருத்துவக் கூட்டமா என்று நான் முகம் சுளித்தேன். அவருக்கோ அந்தக் கல்லறைகள்மேல் தீராத ஆர்வம். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று காவலாளியைத் தொந்தரவு செய்து கேட்டுவந்தார். "அம்மாம் பெரிய கல்லு. பேரு கீது, வருசம் கீது. இன்னா நோவுல செத்தாங்கன்னு எழுதல பாரு. அதத்தான எழுதணும்?"

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று நான் போட்டிருந்தேன், அவர் தெளிவாகப் பேச வேண்டுமே என்று. அவர் ஒப்பவில்லை. "கார்த்தால பேசினா எவன் நம்புவான்? ஷோக்காத்தான கீறேன்னு சொல்லிட்டுப் பூடுவான். அன்னிக்குப் பூரா ஏரில தடவிட்டு வந்து சாயங்காலம் பேசறேன்." கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் மருத்துவரைக் கேட்டு, ஒருவேளை மாத்திரையும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

சாயங்காலம் திடலில் நல்ல கூட்டம், நண்டுக் குழம்பின் புண்ணியம். கன்னியம்மா ஈரத் தலையோடு மைக்கைப் பிடித்தார். நாலு வாக்கியம் நன்றாக வந்தது. பிறகு சொற்கள் மூக்கால் வரத் தொடங்கின, இடது இமை இறங்கியது. பின்னாலிருந்து ஒருவர், "இன்னா யம்மா, ஏத்திக்கினு வந்துட்டியா?" என்று கத்தினார். திடலே சிரித்தது. நான் எழுந்து ஓடினேன். அவர் என்னைக் கையால் தடுத்து உட்கார வைத்துவிட்டு, மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம். ஐஸிலேயே பிழைக்கும் ஊர், ஆனால் ஐஸை அப்படி யாரும் பார்த்ததில்லை. துணியை எடுத்தார். இமை திறந்தது. சத்தம் போட்டவரை நேராகப் பார்த்தார்.

கொஞ்சம் ஓய்ந்ததில் பேச்சும் திரும்பியது. "சாராயத்துக்கு ஐஸ் வச்சா தெளியுமா நைனா?" என்றார். பிறகு சொன்னார்: "என்னைக் குடிகாரின்னு சீட்ல எழுதினவங்க இங்கதான் கீறாங்கோ." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவங்கதான் இந்தக் கூட்டத்துக்கு வூடு வூடா அலைஞ்சவங்கோ. அவங்க திருத்திக்கினாங்கோ. நீங்களும் திருத்திக்கோங்கோ."

கத்திய அதே ஆள் சாப்பிடாமல் காத்திருந்து என்னிடம் வந்தார். எளாவூரில் அவர் அண்ணிக்கும் சாயங்காலமானால் கண் இப்படித்தான் மூடுமாம், குடிக்கிறாள் என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த அண்ணி இன்று மாத்திரையோடு தன் வீட்டில் இருக்கிறார். கன்னியம்மாவின் சாவுக்கு வந்து, ஓரமாக நின்று, யாரையும்விட அதிகமாக அழுதது அந்த அண்ணிதான்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு நானும் கன்னியம்மாவும் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். எப்போதும்போல ஒரு சந்தேகம் கேட்டார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்.

"நர்சம்மா, இந்த நோவு எனக்கு வரலைன்னு வெச்சுக்கோ. நீ எங்கூடக் குந்திப் பேசியிருப்பியா?"

"ஏன், பேசியிருப்பேனே" என்றேன். அவர் நண்டு ஓடுகளை அள்ளிக்கொண்டு போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அன்று சொன்னது பொய். பேசியிருக்க மாட்டேன், கன்னியம்மா.