ஜனங்கள் எழுந்து போகாத ஒரு வேலை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த காட்டுக்கே நான் வாட்சராக இருந்தேன். போளூர் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது முடித்த மலைப்பையன்கள் அப்போது சிலர்தான். காட்டிலாகாவில் ஆள் எடுத்தபோது என்னைக் கூப்பிட்டுக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் ஊருக்குள் வந்தபோது அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

சந்தன மரங்களைக் காப்பதும், பச்சை மரத்தை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. நடப்பது எனக்குப் பிடிக்கும். காடும் தெரிந்த காடு. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒன்று உறைத்தது. புளியமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிடும். ஒருத்தர் மாட்டை அவிழ்க்கவேண்டும் என்று எழுந்திருப்பார். மற்றவர்களுக்கும் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு கோடையில் என் மேலதிகாரியான பாரஸ்டரோடு ரோந்து போயிருந்தேன். நான் முன்னால், அவர் சற்றுப் பின்னால். ஓடை இறக்கத்தில் பச்சைக் கழிகளை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார். அக்காவின் வீட்டுக்காரர். மழைக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றியாக வேண்டும் என்பது எனக்கே தெரியும். மாமா ஓடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி பாரஸ்டரைக் கூப்பிட்டேன்.

கழிகளையும் கொடுவாளையும் வாங்கிக்கொண்டு, அபராதம் போட்டு அனுப்பினார் பாரஸ்டர். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், அழுவாள், நானும் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"நீ இன்னா பண்ணுவே. உன் வேலை அது" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வருஷமே மலையில் ரேஷன் சாமான் போடும் சொசைட்டி கடைக்கு விற்பனையாளர் வேண்டும் என்று சொன்னார்கள். எழுதிப் போட்டேன். போளூர் ஆபீசுக்கு இன்டர்வியூவுக்கு வரச்சொன்னார்கள். ஹாஸ்டலில் கூடப் படித்த ஒருவன், மக்களுக்குச் சேவை செய்ய ஆசை என்று சொல்லு, அதுதான் எடுபடும் என்றான். பஸ் இறங்கும்வரை அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட அதிகாரி. அவர் பக்கத்தில் துண்டு போட்ட பெரியவர், சொசைட்டி தலைவர். மூன்றாமவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காட்டிலாகா வேலையை விட்டுவிட்டு இந்தக் கடைக்கு ஏன் வருகிறாய், அங்கே ஏதாவது தகராறா என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிறகு சேவையைப் பற்றி ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலைலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உன் காரணம் இன்னா, அதச் சொல்லு."

உள்ளே இருந்தது தானாக வெளியே வந்தது.

"நான் வர்றதப் பாத்தா ஜனங்க எழுந்து போய்ட்றாங்க சார். எங்க ஊர் ஜனங்கதான். கடன்னா அவங்களே என்னைத் தேடி வருவாங்க இல்லீங்களா, அதான்."

சொன்ன உடனே, கடை என்று சொல்லவேண்டியதைக் கடன் என்று உளறியது தெரிந்து, "கடைங்க, சொசைட்டி கடை" என்று திருத்தினேன். தலைவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. எல்லாரும் உன் சொந்தக்காரர்கள் என்றால் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் அவர்களுக்கே கூடுதலாகப் போய்விடுமே என்றார்.

"எங்க மாமாவ நானே புடிச்சுக் குடுத்தேன் சார். விட்டிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேன்" என்றேன்.

தலைவர் அதிகாரியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எப்போ வந்து சேர்ற?" என்றார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெண்டு மசால்வடை தின்றேன். நல்ல பசி. அத்தனை நாளாக எனக்குப் பசித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பாரஸ்டரிடம் சொல்லத்தான் பயந்தேன். அவர் கேட்டுவிட்டு, தானும் சொந்த ஊர்ப் பக்கம் மட்டும் போஸ்டிங் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். என் சட்டையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

கடை திறந்த வாரமே ஒரு கிழவி, சர்க்கரை ஈரமாக இருக்கிறது என்று வரிசையில் இருந்த எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்தாள். நான் நின்று கேட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது.

மாமா ஆடி மாதம் மண்ணெண்ணெய்க்கு வந்தார். டின்னை நீட்டினார், ஊற்றினேன், திரும்பினார். நாலடி போனவர் நின்றார்.

"சாமை வெதைக்கணும். ஆள் கொறையுது மச்சான். ஞாயித்துக்கெழம வர்றியா?"

வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.